பிரமிளா நீக்கிய மூன்று பெயர்கள்

சுங்கை பஞ்சாங் பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அதைப் பிடித்து வைப்பார்கள், அதற்குள் ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று திங்கட்கிழமை லெட்சுமி தொலைபேசியில் சொன்னபோது, பிரமிளா தன் கணவன் உமாபதிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கரண்டி. தோளுக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசி. பேச்சு அவனைப் பற்றியது என்று அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டாள்.

லெட்சுமி, உமாபதியின் உடன்பிறந்த அக்காள். கிள்ளானில் இருப்பவள். கல்நெஞ்சக்காரி அல்ல, தம்பிக்காக அழுது அழுது ஓய்ந்து, இனி அழுவதில் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தவள்.

"ஒன்னயக் கொற சொல்லல பிரமிளா. ரெண்டு வருசமா நீ பாத்தது போதும். அடுத்த திங்கக்கெழம பேக்டரி வேலையில சேந்துட்டா பஸ்ஸு காலைல அஞ்சரைக்கு வரும், ராத்திரி எட்டுக்குத்தான் கொண்டாந்து விடும். அது வரைக்கும் என் தம்பி யாரு மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்பான்?"

"வியாழக்கெழம ஒரு பதில் வருதுங்கண்ணி. அது நல்லபடியா வந்துட்டா பேக்டரிக்கே போவ வேணாம். வீட்டுல உக்காந்தே வேல."

"வீட்டுல என்னா வேல?"

"இப்ப பரீச்ச வச்சிருக்காங்க. விண்வெளி நெலையத்துக்குப் போனவங்க எல்லார் பேரையும் எடுத்து லிஸ்ட் போட்டுக் குடுக்கணும்."

லெட்சுமி மெதுவாகக் கேட்டாள்: "நீ ஒழுங்கா தூங்குறியா பிரமிளா?"

பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. பல வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

உமாபதி ஒரு காலத்தில் ஜெராமுக்கு உள்ளே இருந்த செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவன். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவான், மாலையில் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவான். அவன் வாய் ஓயாது. அவன் லோரியில் ஏறியவர்கள் சிரிக்காமல் இறங்கியதில்லை. நாற்பத்தேழாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லோரியின் கதவைத் திறந்தவன் அப்படியே சரிந்தான். வலது பக்கம் போய்விட்டது. உயிர் மிஞ்சியது, இடது கை மிஞ்சியது. பேச்சும் மிஞ்சியது, ஆனால் சிதைந்து போய் மிஞ்சியது. பல் இல்லாத குழந்தை மழலை பேசுவதைப் போல, பாதிச் சொல் தொண்டையிலும் பாதிச் சொல் உதட்டிலும் தங்கிவிடும். அக்கம்பக்கத்தார் அவன் முனகுவதாக நினைத்தார்கள். கூடப்பிறந்த லெட்சுமிக்கே புரியாது. பிரமிளாவுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் முழுதாகக் கேட்கும். அவன் இன்றும் நகைச்சுவை பேசுகிறான் என்பதை உலகத்தில் அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த ஒருத்தியைப் பிரித்துவிட்டு, அவனை இருபத்திரண்டு நோயாளிகளுக்கு நடுவே கொண்டுபோய்ப் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் கேட்டால் யாருக்குத் தெரியும்? வலிக்கிறது என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இந்த ஒரு பயம்தான் அவளை நாற்பத்தொரு வயதில் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தது.

அவள் பத்தொன்பது வருடம் அதே தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவள். செக்ரோல் எழுதுவது அவள் வேலை. யார் வந்தார், யார் வரவில்லை, யார் எந்தக் காட்டில் வெட்டினார் என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் இருக்கும். விடிகாலையில் ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் வாசிக்கும் பெரட்டுக்கு, அவள் எழுதிக் கொடுக்கும் பட்டியலைத்தான் மேற்பார்வையாளரான மண்டோர் வாசிப்பார். பிறகு தோட்டம் கைமாறியது. வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். பெயர் வாசிப்பதற்குப் பதிலாகக் கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் போதும் என்றானது. கிராணியம்மாவுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

புக்கிட் ரோத்தானில், கடை வரிசைக்குப் பின்னால் ஓர் இணைய மையம் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஹிதாயாவுக்கு வயது இருபத்தாறு. அவளுடைய அத்தா அதே வரிசையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல் படியில் தவித்து நின்ற பிரமிளாவைப் பார்த்து, முதல் நாளே கடையிலிருந்து இரண்டு பலகைகளைத் தூக்கிவந்து சாய்வாகப் போட்டவள் அவள்தான். எட்டு மாதமாகப் பிரமிளாவுக்குத் தரவுத் தேடல் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். வீட்டிலிருந்தே தரவு சரிபார்க்கும் வேலைக்குக் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான்.

திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள் பரீட்சை. இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கும் ஒரு தகவல் களஞ்சியத்திடம் கேட்டு, விண்வெளி நிலையங்களுக்கு ஆட்களோடு புறப்பட்டுப் போன கலங்களையும், அவற்றில் ஏறிய ஒவ்வொருவரையும், புறப்பட்ட தேதி, தரையிறங்கிய தேதி, இறந்திருந்தால் இறந்த தேதி ஆகியவற்றோடு பட்டியலாக்க வேண்டும். கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். கேள்விக்குக் கிடைத்த பட்டியலையும் அனுப்ப வேண்டும்.

அந்தக் களஞ்சியம் ஒரு விசித்திரமான பிறவி. உலகத்துச் செய்தியெல்லாம் அதன் வயிற்றில் கிடக்கும். ஆனால் மனிதர்கள் பேசுவதைப் போல வாக்கியமாகக் கேட்டால் வாயைத் திறக்காது. இது கலமாக இருக்க வேண்டும், அதற்கு ஆட்கள் இருக்க வேண்டும், அது நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று நிபந்தனை நிபந்தனையாக, வரிவரியாக எழுத வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வெறும் வெள்ளைத் திரையைக் காட்டும்.

முதல் நாள் முழுக்க வெள்ளைத் திரைதான். இரண்டாம் நாள் காலையில் ஒரு நிபந்தனையைத் தளர்த்தினாள். கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆளே இல்லாத கலங்களெல்லாம் வந்து விழுந்தன. உமாபதி நாற்காலியிலிருந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான்.

"என்னாக்கா சொல்றாரு மாமா?" என்றாள் ஹிதாயா.

"ஆளு ஏத்துற லோரியோட ஒரம் ஏத்துற லோரியையும் சேத்து எண்ணிட்டியேங்குறாரு."

ஹிதாயா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா, மாமா சொல்றது கரெக்ட்டுலா. சாமான் கொண்டு போற கலத்த நீங்க தள்ளவே இல்ல. அதுக்கு ஒரு கண்டிஷன் போடுங்க."

போட்டாள். பட்டியல் பாதிக்கு மேல் இளைத்தது. மதியத்துக்குள் அது சரியான உருவத்துக்கு வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வரிசையில் நம் நாட்டு மருத்துவர் ஒருவரின் பெயரைக் கண்டதும் உமாபதி இடது கையால் மேசையைத் தட்டினான். அவர் ஒரு கலத்தில் ஏறிப் போய் வேறொரு கலத்தில் இறங்கியிருந்தார்.

"ஓவர்டைம் பாத்திருப்பாரு, அவரு லோரி அவர விட்டுட்டுப் போயிருச்சு போல," என்றான் உமாபதி. பிரமிளா அதை மொழிபெயர்த்துச் சொல்ல, ஹிதாயா மீண்டும் சிரிக்க, அடுத்த மேசையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். அன்றைக்குப் பிரமிளா, உமாபதி, ஹிதாயா மூவருக்கும் எல்லாம் கைகூடிவிட்டதாகவே தோன்றியது. மையத்தை மூடும்போது ஹிதாயா, "நாளைக்கு அனுப்புற பட்டன அமுக்குறது மட்டுந்தாங்கக்கா பாக்கி," என்றாள்.

அந்தப் புதன்கிழமை வராமலே இருந்திருக்கலாம்.

மதியம், ஹிதாயா தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வரப் போயிருந்தாள். உமாபதி நாற்காலியிலேயே கண் அயர்ந்திருந்தான். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று பிரமிளா, புது ஆண்டுகள் மேலேயும் பழைய ஆண்டுகள் கீழேயுமாக இருந்த பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தாள். செக்ரோல் எழுதிய கை அது. ஒவ்வொரு வரிசைக்கும் விரல் வைத்து வாசிக்கும். பழைய ஆண்டுகளில் போனவர்களில் பலருக்கு இறந்த தேதி இருந்தது. முப்பது வருடம், நாற்பது வருடம் கழித்து வந்த தேதி. நிம்மதியாக மூப்படைந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தவளின் விரல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் நின்றது.

மூன்று பேர். ஒரே கலம். தரையிறங்கிய தேதியும் இறந்த தேதியும் மூவருக்கும் ஒன்றாகவே இருந்தன.

என்ன நடந்தது என்று தேடிப் படித்தாள். உலகத்தின் முதல் விண்வெளி நிலையத்தில் மூன்று வாரத்துக்கு மேல் தங்கியிருந்துவிட்டுத் திரும்பியவர்கள். வரும் வழியில் ஒரு வால்வு திறந்து உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறிவிட்டது. கலம் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல், குடை விரித்து, அழகாகத் தரையிறங்கியிருக்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தவர்கள் கண்டது, இருக்கையில் அமர்ந்தபடியே அடங்கிப் போயிருந்த மூன்று பேரை.

பிரமிளாவின் கண்முன் வந்து நின்றது விண்கலம் அல்ல. சின்னத்தாய்.

அவள் கிராணியாகச் சேர்ந்த மூன்றாவது மாதம். பழம் வெட்டும் ரெங்கசாமியின் அரிவாள் கோல் மின்கம்பியில் பட்டு, அவன் அந்த இடத்திலேயே போனான். மாதம் பிறந்தது. புது மாதத்துச் செக்ரோலுக்குப் பழைய மாதத்தைப் பார்த்துப் பெயர்களை எடுத்து எழுதிய பிரமிளா, அவன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த மண்டோர் எதுவும் அறியாமல் பெரட்டில் அதை வாசித்தார். "ரெங்கசாமி." பெண்கள் வரிசையில் நின்ற அவன் மனைவி சின்னத்தாய், காரியம் முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்தவள், பழக்க தோஷத்தில் வாய் திறந்து, "இந்தா வந்துருவாருங்க, டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். நாலு பேர் சேர்ந்து தூக்கியும் அவளை எழுப்ப முடியவில்லை.

அன்றிலிருந்து, தோட்டத்தில் யார் வேலையில் செத்தாலும், அடுத்த பெரட்டுக்கு முன்னால் அந்தப் பெயரை அடித்துவிட்டு, மொத்தத்தில் ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் பிரமிளா அலுவலகத்தைப் பூட்டுவாள். அந்த ஒரு வேலையில் பிறகு அவள் பிசகியதே இல்லை. போய்த் திரும்பாதவர்களைப் போய்வந்தவர்களோடு நிறுத்தி வைப்பது, அவர்கள் வீட்டாரை மறுபடி கொல்வதற்குச் சமம் என்பது அவளுடைய நம்பிக்கை.

கை தானாகப் போனது. மூன்று வரிசைகளைத் தேர்ந்தெடுத்தாள். நீக்கினாள். மொத்தத்தில் மூன்றைக் குறைத்தாள். மனசுக்குள் அந்த மூவருக்கும் ஒரு கும்பிடு போட்டாள். பிறகு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒரு கிராணி செய்ய வேண்டியதைச் செய்த திருப்தி.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதில் வந்தது. ஹிதாயாதான் திரையில் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் கறுத்தது.

"என்னாம்மா?" என்றாள் பிரமிளா.

"கேள்வி எழுதுனதுக்கு முழு மார்க்கு குடுத்திருக்காங்கக்கா. ஒரு தப்பு இல்லையாம்." அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "ஆனா அந்தக் கேள்விய அவங்க ஓட்டிப் பாத்தா, நீங்க அனுப்புன லிஸ்ட்ட விட மூணு பேரு கூட வருதாம். கையால தரவ மாத்துனவங்கள இந்த வேலைக்கு எடுக்குறதில்லையாம். யாருக்கா அந்த மூணு பேரு?"

பிரமிளா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹிதாயா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அவங்க ஏறிப் போனாங்கல்லக்கா. யாரு போனாங்கன்னுதானே கேட்டாங்க. திரும்பி வந்தாங்களான்னா கேட்டாங்க? ஏங்கக்கா கைய வச்சீங்க? ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"செத்தவங்க பேர எப்படிம்மா விட்டு வைக்கிறது," என்றாள் பிரமிளா. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மூவரின் வீட்டார், அவர்கள் போனதையாவது உலகம் எண்ணி வைக்கட்டும் என்றல்லவா நினைத்திருப்பார்கள். அதையும் அழித்துவிட்டாள் பாவி.

ஹிதாயா உடனே விளக்கம் எழுதினாள், கெஞ்சி எழுதினாள். மாலை நாலு மணிக்குப் பதில் வந்தது. விதி விதிதான். ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

"ஆறு மாசந்தானேக்கா. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்."

"எனக்கு ஓடிரும்மா. இவரு ஆறு மாசம் யாருகிட்ட பேசுவாரு?"

ஹிதாயா எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். அவள் அழுவது கதவைத் தாண்டிக் கேட்டது.

பிரமிளா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாசலுக்கு வந்ததும் உமாபதி சொன்னான். சிதைந்த சொற்கள்தான், அவளுக்கு மட்டும் முழுதாகக் கேட்கும் சொற்கள்.

"அக்காவுக்கு போன் போட்டு வரேன்னு சொல்லிரு. கட்டில வேற ஆளுக்குக் குடுத்துறப் போறாங்க."

பிரமிளா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள். "எப்பலேருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"திங்கக்கெழம. கஞ்சி ஊட்டும்போது நீ அப்படியெல்லாம் சிரிக்கிறவ இல்லையே."

வெள்ளிக்கிழமை லெட்சுமி வேன் பிடித்துக்கொண்டு வந்தாள். சுங்கை பஞ்சாங் போகும் வழி நெடுக இரு பக்கமும் நெல் வயல். அறுவடை முடிந்து கட்டையாக நின்றது. லெட்சுமி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பிரமிளாவின் மடியில் அவன் சட்டைகள் மடித்த பை இருந்தது.

இல்லத்தில் புஷ்பா என்ற பணிப்பெண் வந்து கட்டிலைக் காட்டினாள். ஐம்பது வயதிருக்கும், கனிவான முகம், ஆனால் நிற்க நேரமில்லாத கால்கள். அடுத்த கட்டிலில் ஒருவர் இருமினார், எதிர்க் கட்டிலில் ஒருவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். உமாபதியைப் படுக்க வைத்து, வலது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்த பிறகு, பிரமிளா புஷ்பாவிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினாள்.

"இவரு பேசறது புரியாதுங்கக்கா. நான் எழுதித் தந்துடுறேன். இந்த மாதிரி சத்தம் குடுத்தா தண்ணி. இது, முதுகு வலிக்குது, திருப்பிப் போடுன்னு. இப்படிச் சொன்னா கொசு கடிக்குது."

ஒவ்வொன்றையும் அவள் வாயால் செய்துகாட்ட, உமாபதி கூடவே சொல்லிக் காட்டினான். பதினாறு சொற்கள் வந்தன. சுவரில் ஒட்டுவதற்காகப் புஷ்பா அதை வாங்கிக் கண்ணை ஓட்டினாள். அப்போது உமாபதி மறுபடியும் ஏதோ சொன்னான். ஒருமுறை அல்ல, இரண்டு, மூன்று முறை.

"இது என்னாம்மா சொல்றாரு? இந்தத் தாளுல காணோமே," என்றாள் புஷ்பா, பேனாவை எடுத்தபடி.

"அது என் பேருங்கக்கா."

"அதையும் எழுதிக்கவா?"

பிரமிளா கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வேணாங்கக்கா. அது தெரிஞ்சு நீங்க என்னா செய்யப் போறீங்க."

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். லெட்சுமி வந்து அவள் முழங்கையைத் தொட்டாள். திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்குத் தொழிற்சாலைப் பேருந்து வரும். அதற்குள் அடையாள அட்டை நகலும், இரண்டு படங்களும் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைவூட்டினாள். பிரமிளா சரி என்றாள். பின்னால் உமாபதியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு நோயாளியின் முனகல்.